கடித்த ரொட்டி

"மாநாடு முடிஞ்சதும் திரும்பி வருவீங்கன்னு என்ன உத்தரவாதம்?" தாஷ்கண்டில் விசா அதிகாரி கேட்டார்.

என் கணவர் ஷுஹ்ரத் என்னைக் காட்டினார். "இவ இங்கதான சார் இருக்கா. வராம இருந்தா சும்மா விடுவாளா?"

அதிகாரி சிரித்துவிட்டார். விசா கிடைத்தது.

புறப்படும் காலையில் எங்கள் வழக்கப்படி ரொட்டியை நீட்டினேன். ஒரு வாய் கடித்து விழுங்கிவிட்டுப் போகிறவர், மிச்சத்தைத் தின்னத் திரும்பி வந்தே ஆக வேண்டும். அதுவரை அது ஆணியில் தொங்கும்.

"பெருசா கடிங்க."

"கல்லு மாதிரி இருக்குடி! பல்லு போனா மாநாட்டுல எப்படிப் பேசுறது?"

கடித்ததும் இருமினார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். காரில் ஏறும்போது, "அங்க நல்ல வெயிலாம்" என்று கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

மாநாடு முடிந்தும் அவர் வரவில்லை. "பாஸ்போர்ட் தொலைஞ்சிருச்சு, எல்லையில விடமாட்டேங்கறாங்க" என்று போனில் அழுதார். நம்பினேன்.

"ரொட்டி காத்துக்கிட்டு இருக்குங்க" என்பேன் ஒவ்வொரு முறையும்.

"இருக்கட்டும், வந்துடறேன்."

சென்ற மாதம் அங்கேயே இறந்துபோனார். அவருடைய துணிகளை ஏழைகளுக்குக் கொடுக்க எடுத்தபோது, கோட்டுப் பையில் அந்தக் கைக்குட்டை கிடைத்தது. அதற்குள், மெல்லாத ஒரு துண்டு ரொட்டி.

ஆணியில் தொங்கியதை இறக்கி, கடித்த இடத்தில் அந்தத் துண்டை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது.