டிவியோடு வந்தது

"இப்ப தெளிவா, முன்னாடி தெளிவா?"

கடைக்காரர் இதைக் கேட்பது முப்பத்தேழாவது முறை.

டேப் வைத்து அளந்து போட்ட நாற்காலியில், டிவிக்குச் சரியாகப் பத்தடி தள்ளி, அவர் மனைவி இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்படித்தான் உட்கார வேண்டும் என்று உத்தரவு.

புது டிவி சுவரில் ஏறி இரண்டு நாளாகிறது. மாட்டிவிட்டுப் போன மெக்கானிக் இரண்டு முறை திரும்ப வந்து பார்த்தார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது போனையே அணைத்துவிட்டார்.

படம் சரியில்லை. ஆட்களெல்லாம் ஆவிக்குள் நிற்பதுபோல் நிற்கிறார்கள் என்பது கடைக்காரரின் புகார். பழைய டிவியும் இப்படித்தான் மங்கிப்போய், இனி உதவாது என்று மைத்துனர் வீட்டுக்குத் தள்ளிவிடப்பட்டது. போன அன்றே மைத்துனர் போன் செய்து, படம் பளிச்சென்று இருக்கிறது என்று பூரித்தார். மரியாதைக்குச் சொல்கிறான் என்று கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.

இன்று ஐந்து மணிக்கு அந்த மைத்துனர் புது டிவியைப் பார்க்க வருகிறார். அதற்குள் படம் சரியாகாவிட்டால் டிவியைக் கழற்றி வாங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்பப்போவதாகக் காலையிலேயே அறிவித்தாயிற்று. மைத்துனருக்கு மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வரும். அதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

மனைவிக்கோ இந்த டிவியை ரொம்பப் பிடித்துவிட்டது.

விளக்கப் புத்தகத்தில் எறும்பு எறும்பாக இருந்த எழுத்தைக் கடைக்காரர் மூக்கருகே வைத்துக் கடகடவென்று படித்தார். இந்த வயதில் எவன் இப்படிப் படிப்பான் என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். வெளிச்சத்தை ஏற்றினார். நிறத்தை இறக்கினார். கூர்மையைப் பதினெட்டில் வைத்தார். செய்தி வாசித்த பெண் முதலில் பச்சையானாள், பிறகு மஞ்சளானாள், கடைசியில் காய்ச்சல்காரி போலச் சிவந்தாள். பாவம், எல்லாவற்றுக்கும் சிரித்தபடியே வாசித்தாள்.

ஒவ்வொன்றுக்கும் கேள்வி. மனைவி ஏதோ ஒரு பதில் சொன்னால், கண்ணை மாற்றி மூடச் சொல்லி மறுபடி அதே கேள்வி. இந்தப் பொறுமை அவருக்குத் தொழிலில் வந்தது. வீட்டில் வேறு எதற்கும் அது எட்டிப் பார்த்ததில்லை.

நாலரைக்கு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று புளுகிவிட்டு அவள் சமையலறைக்குத் தப்பித்தாள்.

"கீழ ஓடுற எழுத்தைப் பாரு. படிக்கிற மாதிரியா இருக்கு?" என்று கத்தினார்.

அவள் சமையலறை வாசலில் நின்று, டம்ளரைத் துடைத்துக்கொண்டே படித்தாள். நாளைக்கு மழை வருமாம். ஏதோ ரயில் தாமதமாம். எங்கோ ஒரு பூனை மரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறதாம்.

"சும்மா அடிச்சு விடாத," என்றார் கடைக்காரர்.

டம்ளர் துடைத்த கை நின்றது. அவள் டிவியைப் பார்த்தாள். பிறகு, கண்ணை இடுக்கிக்கொண்டு டிவியை முறைக்கும் புருஷனைப் பார்த்தாள். பாவமாக இருந்தது. சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. விஷயத்தை வாய்விட்டுச் சொன்னால் மனுஷன் மூன்று நாளைக்குச் சாப்பிட மாட்டார்.

உள்ளறையில், அவர் தினமும் கடைக்குக் கொண்டுபோகும் பையின் ஜிப் திறந்து மூடியது. அப்புறம் டிவி வந்த அட்டைப்பெட்டி கொஞ்ச நேரம் சலசலத்தது. கடைக்காரர் காதில் எதுவும் விழவில்லை.

"பெட்டிக்குள்ளயே கிடந்துச்சுங்க. டிவியோட வந்தது போல," என்று ஒரு மூக்குக்கண்ணாடியை நீட்டினாள்.

மாட்டிப் பார்த்தார். இன்னும் மோசம். அவள் ஓடிப்போய் இன்னொன்று கொண்டுவந்தாள். பழுப்புச் சட்டம், காதோரம் மெல்லிய பச்சைக் கோடு.

"இது தெளிவா, அது தெளிவா?" என்று அவர் குரலிலேயே கேட்டாள்.

கடைக்காரர் டிவி பக்கம் திரும்பினார். செய்தி வாசிப்பவள் தோடு போட்டிருந்தாள். கீழே ஓடிய எழுத்தில் பூனை இன்னும் மரத்திலேயே இருந்தது. பக்கத்தில் மனைவி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவதும் பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்க்காததுபோல் இருந்துவிட்டார். பச்சைக் கோட்டை எங்கேயோ பார்த்த ஞாபகம் வந்தது. அதையும் அப்படியே விட்டுவிட்டார்.

"புது டிவிக்கெல்லாம் இப்ப இது ஒண்ணு கூடவே தர்றான்," என்றார்.

ஐந்து மணிக்கு வந்த மைத்துனருக்குக் கூர்மை பதினெட்டின் மகிமை விளக்கப்பட்டது. மைத்துனர் ஆசைப்பட்டு அந்தக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, தனக்கு எல்லாம் கலங்கித் தெரிகிறது என்றார். அவருக்குப் பழைய டிவியே பழகிப்போய்விட்டது என்று கடைக்காரர் அனுதாபப்பட்டார். மூக்குச் சிரிப்பு வரவில்லை. டிவி சுவரிலேயே தங்கியது.

மறுநாள் காலை, இரண்டு பெரிய கண்கள் வரைந்த பெயர்ப்பலகைக்குக் கீழே கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார். முப்பது வருஷமாக ஊரார் கண்ணைச் சோதிக்கும் உயர நாற்காலியைத் துடைத்தார். எதிர்ச்சுவரில், மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே போகும் எழுத்து அட்டையைக் கடைசி வரிவரை படித்துப் பார்த்து, தலையாட்டிக்கொண்டார்.

முதல் ஆளாக டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் வந்தார். வாசல் என்று நினைத்துப் பக்கத்துச் சுவரில் ஒருமுறை இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். போன வாரம் சொல்லிவிட்டுப் போன தன் கண்ணாடி தயாரா என்று கேட்டார்.

கடைக்காரர் பையைத் துழாவினார். வாத்தியார் பெயர் எழுதிய கூடு இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

வாத்தியார் மேஜைமேல் குனிந்து, கடைக்காரரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று உற்றுப் பார்த்தார்.

"பச்சைக் கோடு... நான் எடுத்த பிரேம் மாதிரியே இருக்கே?"

கடைக்காரர் அதை ஒரு விரலால் மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இல்லைங்க. இது டிவியோட வந்தது."