ஆறடி வித்தியாசம்

ஐந்தாம் வளைவில் நின்ற ஆம்புலன்ஸ் இருக்கும் கடல்மட்ட உயரம் மட்டும் காலையிலிருந்தே தப்பாக வந்துகொண்டிருந்தது. எங்கள் பந்தயத் தடத்தின் ஒவ்வொரு மீட்பு வண்டி டிரைவரிடமும் சிகரெட் பெட்டி அளவில் ஒரு ரேடியோ கருவி உண்டு. இடம், வேகம், உயரம் மூன்றையும் அது நிமிடத்துக்கு ஒருமுறை கட்டுப்பாட்டு அறையில் என் திரைக்கு அனுப்பும். அதே புல்தரையில் பக்கத்தில் நின்ற தீயணைப்பு வண்டி 940 அடி. ஆம்புலன்ஸ் 934.

டிரைவர் வெர்லினைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“யோவ் டெல்பர்ட், நான் என்ன பள்ளத்துலயா நிக்கிறேன்?” என்று ரேடியோவில் சிரித்தார்.

கருவியை அதே வண்டியில் அவரோடு வேலை பார்க்கும் கோரினிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் கையில் 940. அவர் திரும்ப வாங்கியதும் 934.

“காலையிலயே நாலு சாஸேஜ் முழுங்குனா தரை தாங்குமா?” என்றாள் கோரின்.

கருவி பழுது என்று எழுதிவிட்டு, அவரை அங்கேயே நிற்கச் சொன்னேன்.

அன்றைய மூன்றாம் பந்தயத்தில் ஒரு கார் டயர்த் தடுப்பைத் தாண்டி வந்து வெர்லின்மேல் விழுந்தது.

புதன்கிழமை, மக்காச்சோள வயலுக்கு அப்பாலிருக்கும் கல்லறைத் தோட்டத்தில் அவரைச் சீருடையோடு ஆறடி ஆழத்தில் புதைத்தோம். “இதுவும் அவரோடயே போகட்டும்,” என்று கோரின் அந்தக் கருவியை அவர் சட்டைப்பையில் வைத்தாள். அதன் பேட்டரி ஒரு நாள்தான் தாங்கும்.

ஞாயிறு காலை திரையை ஆன் செய்தேன். வண்டிகள் எதுவும் இன்னும் வந்திருக்கவில்லை. வயலுக்குள் ஒரே ஒரு புள்ளி, ஐந்தாம் வளைவை நோக்கி வந்துகொண்டிருந்தது. வேகம், மணிக்கு மூன்று மைல். உயரம், எல்லோரையும்போல, 940.