பச்சை விளக்கு

பதிப்பகம் கொடுத்த பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டுதான் வசுமதி தன் முதல் நாவலை எழுதினாள். எழுதும்போது மனம் நிஜமாகவே கலங்கினால் பட்டையில் பச்சை விளக்கு எரியும். எரியாத அத்தியாயத்தை எந்திரம் எழுதியது என்று கழித்துவிடுவார்கள்.

நாயகியின் தாய் சாகும் அத்தியாயம் மட்டும் மாதக்கணக்கில் தேறவில்லை. ஒவ்வொரு முறையும் திருத்தி எழுதி, அம்மாவிடம் வாசித்துக் காட்டினாள்.

"இத்தன தடவ என்னைச் சாகடிச்சியே, ஒரு தடவகூடவா அழுக வரல?" என்று அம்மா சிரித்தாள்.

"நீதான் குத்துக்கல்லாட்டம் எதிர்ல உக்காந்திருக்கியே, எப்படிம்மா வரும்?"

அவள் நீட்டிய மாத்திரையை வாங்கிக்கொண்டு அம்மா படுக்கப் போனாள். அந்த மழைக்காலத்திலேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்த மறுநாள் வசுமதி மறுபடி பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அழுது அழுது உள்ளே எல்லாம் வற்றிப்போயிருந்தது. விளக்கு எரியவில்லை. எழுந்துபோய், துவைப்பதற்காக அம்மாவின் தலையணை உறையை உருவினாள். வேளாவேளைக்கு வசுமதியே அம்மாவின் கையில் எடுத்துக்கொடுத்த இதய மாத்திரைகள் பொலபொலவென்று தரையில் கொட்டின.

மணிக்கட்டில் பச்சை விளக்கு எரிந்தது.

அது அணைவதற்குள் எழுதிவிட வேண்டுமென்று வசுமதி மேசைக்கு ஓடினாள்.