நேரா வூட்டுக்கு

“துரை, டோல்கேட்டாண்ட ஓரங்கட்டு. டீ குடிச்சிட்டுப் போலாம்” என்றாள் பிலோமினா.

துரை ஆட்டோவின் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். கல்லறையிலிருந்து வருகிறவர்கள் தலைக்கு ஊற்றாமல் கடை வாசலில் நிற்கலாமா என்று முன்பு தெருவையே கூட்டிச் சண்டை போட்டவள் இதே பிலோமினாதான்.

அந்தச் சண்டை, இப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மரிசெல்லோடு.

கப்பல் வேலைக்குப் போன இடத்தில், மணிலாவில் பார்த்து, பிலோமினாவின் தம்பி சாலமன் கட்டிக்கொண்டு வந்த பெண் மரிசெல். மூன்று வருடமாகிறது. அந்தப் பெயர் வாயில் நுழையாமல் தெரு அவளை மாரிச்செல்வி ஆக்கிவிட்டது. ரேஷன் கடையில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தமிழையும் அவள் தண்ணீர் லாரிப் பக்கம் நின்றுதான் கற்றுக்கொண்டாள். சில நேரம் பிலோமினாவைவிட அதிகமாக இந்தத் தெருக்காரியாகப் பேசுவாள்.

வந்த புதிதில் எதிர்வீட்டு வேலப்பன் இறந்துபோனார். எல்லாம் முடிந்ததும் பிலோமினா வாசலில் பக்கெட்டோடு காத்திருந்தாள். மரிசெல் வரவில்லை. தேடிக்கொண்டு போனால், டோல்கேட் டீக்கடையில் அத்தனை ஆண்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருக்கிறாள். ஒரு கையில் டீ, மறுகையில் பன்.

“சாவு வூட்லேர்ந்து வந்து பன்னு துன்னுகினு கீறியே, இன்னாமே நெனச்சிகினு கீற?”

பாதி தமிழிலும் பாதி கையிலுமாக மரிசெல் விளக்கினாள். அவள் ஊரில் சாவு வீட்டிலிருந்து நேராக வீட்டுக்குப் போகக் கூடாது. போனால் செத்தவர் பின்னாலேயே வந்துவிடுவார். வழியில் கூட்டமாக இருக்கும் ஓர் இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போக வேண்டும்.

“அப்ப டீக்கடக்காரன் வூட்டுக்கு மட்டும் வர்லாமா?”

“கூட்டத்துல கொயம்பிடுவாருக்கா.”

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை. தீட்டோடு ஊரையே தொட்டுவிட்டு வருகிறாள் என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே கூட்டி வந்தாள். பிறகு கொஞ்ச நாள் இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

அப்புறம் எப்படியோ ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். சாவு விழுந்தால் முதலில் டோல்கேட்டில் மரிசெல்லின் டீ. அதன் பிறகு வாசலில் பிலோமினாவின் பக்கெட். மரிசெல் குடித்து முடிக்கும்வரை பிலோமினா தள்ளி நின்று, யாரோ எவரோ என்பதுபோல் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இன்று அவளே நிறுத்தச் சொல்கிறாள். காலையிலிருந்து மரிசெல்லின் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. இந்த ஊரில் அவளுக்கென்று வேறு என்ன செய்வது என்று பிலோமினாவுக்குத் தெரியவில்லை. அவள் ஊர் வழக்கத்தையாவது விடாமல் செய்துவிடலாம் என்று தோன்றியது. அது சரியா என்றும் தெரியவில்லை.

துரை ஓரங்கட்டினான். கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி ஆட்டோவை உரசுகிற மாதிரி போனது.

“எறங்குமே. இன்னிக்கு நானும் குடிக்கிறேன். பன்னு வாங்கித் தரேன், வா.”

மரிசெல் இறங்கவில்லை. ஆட்டோக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“வேணாங்க்கா. நேரா வூட்டுக்குப் போலாம்.”

“உங்கூரு பயக்கம்மே இது. நேராப் போனா பின்னாலயே...”

பிலோமினாவின் பேச்சு பாதியில் நின்றது.

“பொட்டி சந்துல திரும்பலியேக்கா” என்றாள் மரிசெல். “வூட்டுக்குள்ள வரவே இல்ல அவரு.”

ஏழு மாதத்துக்கு முன்பு கப்பலேறிப் போன சாலமன், இன்று காலை பெட்டியில் வந்திருந்தான். விமானத்தில் வருகிற பெட்டி பெரியது, கனம். சந்துத் திருப்பத்தில் எட்டு பேர் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்கள். முடியவில்லை. தெருமுனையிலேயே இறக்கிவைத்து, ஜெபம் சொல்லி, அங்கிருந்தே கல்லறைக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

பிலோமினா டீக்கடைக் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு ஆட்டோவின் பின்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“வண்டிய எட்றா. எங்கியும் நிக்காத.”

சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. துரை நிற்கவில்லை.

சந்து முனையில் இறங்கி நடந்தார்கள். திருப்பத்துச் சுவரில் பெட்டி உரசிய கீறல் புதிதாக இருந்தது. மரிசெல் அதை விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு ரசூல் பீவி பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்து, சொம்பும் போட்டு வைத்திருந்தாள்.

தலைக்கு ஊற்றிக்கொண்டால் கூட வந்தது எல்லாம் போய்விடும். அதற்காகத்தானே ஊற்றுவது. வாழ்நாளில் ஒரு சாவுக்கும் பிலோமினா ஊற்றிக்கொள்ளாமல் வாசற்படி தாண்டியதில்லை.

குனிந்து பக்கெட்டைச் சுவர் ஓரமாக நகர்த்தினாள். தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் பார்த்துக்கொண்டாள்.

மரிசெல் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல் திரையை ஒதுக்கி உள்ளே போனாள். போன பிறகும் திரையை விடவில்லை. கையில் பிடித்தபடியே நின்றாள்.

பிலோமினா உடனே நுழையவில்லை. ஓர் ஆள் போகிற அளவுக்கு ஒதுங்கி நின்றாள்.