அசல் சுருதி

"அந்த ஆளை இனிமே உள்ள விடாதீங்கம்மா. அவன் வேணுமா, நாங்க வேணுமா, இன்னிக்கே முடிவு பண்ணிடுங்க."

மைக்கைக் கையில் பிடித்தபடியே மிசோகுச்சி இதைச் சொன்னதால், கடை முழுக்க அதிர்ந்தது.

ஜப்பானில் நுமாசு ஸ்டேஷனுக்குப் பின்னால், மெஷின் வாசிக்கிற இசைக்கு நாமே பாடுகிற கரோக்கி கடை. சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நாங்கள் எட்டுப் பேர் கூடுவோம். எல்லாருக்கும் ஐம்பதுக்கு மேல். பள்ளிக்கூட நாளில் ரேடியோவில் கேட்ட பாட்டுகளைத்தான் பாடுவோம். எல்லாப் பாட்டிலும் ஒரு துறைமுகம், கொஞ்சம் பனி, விட்டுப்போன ஒரு காதலி. வீட்டில் சம்சாரத்தைக் கேட்காமல் ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கத் துணியாதவர்கள், இங்கே வந்தால் ஊர் ஊராகக் காதலியைக் கைவிடுவோம்.

மிசோகுச்சி கார் உதிரி பாகக் கம்பெனியில் பெரிய மேனேஜர். ரெக்கார்டில் பாடியவரின் அதே சுருதியில் பாடுகிறவர் எங்களில் அவர் ஒருத்தர்தான். மற்ற எல்லாருக்கும் தொண்டை எட்டாது. பாட்டு தேடுகிற தொடுதிரைப் பலகையிலேயே சுருதியையும் இரண்டு கட்டை, மூன்று கட்டை இறக்கித்தான் பாடுவோம்.

"இறக்கிப் பாடறதுக்கு வீட்லயே உக்காந்து கொட்டாவி விடலாமே?" என்பார் மிசோகுச்சி. நாங்களும் சிரித்து வைப்போம்.

'அந்த ஆள்' என்று அவர் சொன்னது அரிகாவை. டாக்சி ஓட்டுகிறவர். குடும்பம் கிடையாது. சுவரோரமாக உட்கார்ந்து, முறை வந்தால் ஒரே ஒரு பாட்டுப் பாடிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

"என்ன ஆச்சு மேனேஜர் சார்?" என்று கடைக்காரம்மா ஓடி வந்தார்.

"என்ன ஆச்சா? ஒருத்தர் பாடும்போது மத்தவங்க என்ன செய்யணும்? மூஞ்சியைப் பாத்துக் கேக்கணும். தாளம் போடணும். முடிஞ்சதும் கை தட்டணும். இந்தாளு என்ன பண்றான்? நான் மைக்கைத் தூக்கினதும் தலையைக் குனிஞ்சுகிட்டு பாட்டு தேடற பலகையை நோண்டறான். அய்யாவுக்கு அடுத்த பாட்டு வேணுமாம்!"

கரோக்கியில் அதைவிடப் பெரிய மரியாதைக் கேடு கிடையாது. எங்களுக்கும் அது உறுத்தலாகத்தான் இருந்தது.

எங்களில் ஒருவரான உசுய், தாளம் தட்டுகிற டாம்பரின் கஞ்சிராவைக் கீழே வைத்துவிட்டு ஒத்து ஊதினார். மிசோகுச்சியின் கம்பெனி கொடுக்கிற ஆர்டரில்தான் அவர் பட்டறை ஓடுகிறது.

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் சார். நாங்க பாடும்போதெல்லாம் ஒழுங்கா கேக்கறாரு. நீங்க பாடும்போது மட்டும்தான் நோண்டறாரு. பொறாமை, வேறென்ன?"

"ஏம்ப்பா அரிகா, வாயைத் திற. நோண்டினியா இல்லையா?"

"நோண்டினேன் சார்."

"எத்தனை நாளா?"

"நீங்க இந்தக் கடைக்கு வந்ததுலேர்ந்து சார். ஆறு வருஷம் இருக்கும்."

"பாத்தீங்களா திமிரை!"

கடைக்காரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அரிகா முந்திக்கொண்டார்.

"தப்புதான் சார். மன்னிச்சிடுங்க. வாரம் பூரா வண்டியில ஏறறவங்க என் முதுகைத்தான் பாக்கறாங்க. இங்க வந்தாத்தான் நாலு பேர் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. வேணும்னா நான் பாடவே இல்ல. சும்மா ஓரமா உக்காந்துட்டுப் போறேன்."

"அதெல்லாம் வேண்டாம். உன்னைப் பாத்தாலே எனக்குப் பாட்டு வராது. அரிகா போகட்டும்னு நினைக்கறவங்க கை தூக்குங்கப்பா!"

உசுய் இரண்டு கையையும் தூக்கினார். மற்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துவிட்டு மெதுவாகத் தூக்கினோம். என் கையும் மேலேதான் இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் சந்தோஷம், அதில் எதற்கு வம்பு என்று நினைத்தேன். வெட்கக்கேடுதான். இருந்தாலும் மறைக்கவில்லை.

அரிகா எழுந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குனிந்து வணங்கினார். தான் குடித்த பார்லி டீ டம்ளரைத் தானே கொண்டுபோய்க் கவுண்டரில் வைத்தார். சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

"பீடை ஒழிஞ்சுது!" மிசோகுச்சி தொண்டையைச் செருமினார். "இப்ப கேளுங்க, பாட்டுன்னா என்னன்னு."

உசுய் பயபக்தியோடு பலகையை நீட்ட, மிசோகுச்சி தன் பாட்டைத் தட்டினார். அது அவருடைய பாட்டு. வேறு யாரும் தொடமாட்டோம்.

இசை வந்தது. டாம்பரின் குலுங்கியது. இரண்டாவது வரியிலேயே மிசோகுச்சியின் கழுத்து நரம்பு புடைத்தது. பாட்டில் கப்பல் கிளம்புகிற இடத்தில் குரல் மேலே ஏற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஏறப் பார்த்தார். வாலை மிதித்த பூனை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதோடு சரி.

பாடுகிற ஆள் இல்லாமல் கப்பல் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தட்டுவதா நிறுத்துவதா என்று தெரியாமல் உசுய் டாம்பரினோடு விழித்தார்.

"நிறுத்துங்க!" முகம் சிவந்து கத்தினார் மிசோகுச்சி. "ஆறு வருஷமா இதே பாட்டை இதே சுருதில பாடறேன், எனக்குத் தெரியாதா? எவனோ ஏத்தி வச்சிருக்கான். எவனோ என்ன, அந்த டாக்சிக்காரன்தான்! போற போக்குல சுருதியை ஏத்திட்டுப் போயிருக்கான் பாருங்க!"

கடைக்காரம்மா வந்து பலகையை வாங்கிப் பார்த்தார். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும் ஏத்தல மேனேஜர் சார். இதுதான் அசல் சுருதி. ஆறு வருஷமா நீங்க மைக்கைத் தூக்கினதும், யாருக்கும் தெரியாம மூணு கட்டை இறக்கி வச்சது அவர்தான்."