பிஸ்டன் பொருத்தம்

"பொருத்தமே இல்லீங்ணா. சேத்து வெச்சா ஒண்ணையொண்ணு முட்டீட்டு ரெண்டுமே வீணாப் போயிருமுங்க."

தங்கராஜ் இப்படிச் சொன்னதும் சென்னியப்பனுக்கு வியர்த்துவிட்டது. மகள் யாழினிக்கு அடுத்த வாரம் கல்யாணம். பக்கத்தில் நின்ற மனைவி கமலாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

தங்கராஜ் ஜோசியர் அல்ல, மங்கலம் ரோட்டு மெக்கானிக். பொருந்தாமல் போனது காரின் பிஸ்டனும் சிலிண்டர் ஹெட்டும். அப்பா வாங்கிய அந்தப் பழைய பியட்டில்தான் பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப்போவேன் என்று சென்னியப்பன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

"எப்படீப்பா பொருந்தாமப் போச்சு?"

"இன்னொரு பியட்டும் வேலைக்கு வந்துச்சுங்ணா. பக்கத்துல நிக்குது பாருங்க. ரெண்டுக்கும் ஹெட்டு மாறிப்போச்சு. உங்க பிஸ்டன் மேடு வெச்சது, அந்த ஹெட்டு இதுக்கு ஆகாதுங்க. ஸ்டார்ட் பண்ணுனா வால்வு இடிச்சுரும்."

வேப்பம்பூ உதிர்ந்து மூடிக் கிடந்த பானெட்டைத் தங்கராஜ் வருத்தத்தோடு தட்டினான்.

சென்னியப்பனுக்கு எஞ்சின் தெரியாது, பனியன் தெரியும். ஒரு லாட் துணியில் உடம்பை வெட்டி, வேறு லாட் துணியில் கையை வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டார்.

"அப்பறம் என்ன, மாத்திப் போட்டுரு."

"அந்த வண்டிக்காரரு சரின்னு சொல்லாம எப்படீங்க கை வெக்கறது? சாமளாபுரம் சுப்பண்ணன் வண்டிங்க. நான் கேட்டா அடிச்சே போடுவாரு. நீங்களே ஒரு வார்த்தை கேட்டுருங்க."

சென்னியப்பனின் முகம் சுருங்கியது. சுப்பண்ணன் கமலாம்பாளின் அண்ணன். சென்னியப்பனின் புதுப் பனியன் கம்பெனி திறப்பு விழாவில் 'சாப்பிட வாங்க' என்று தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று முறுக்கிக்கொண்டு போனவர். தாய்மாமன் இல்லாமல் எப்படிக் கல்யாணம் என்று கமலாம்பாள் புருஷனிடம் அழுது பார்த்தாள். அவள் அழுகைக்கு அசையாத மனுஷன், ஒரு ஹெட்டுக்காக அசைந்தார்.

"மச்சான்... நாந்தானுங்க..." என்று போனில் இழுத்தார்.

இதற்காகவே செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மாதிரி சுப்பண்ணன் வந்து இறங்கினார்.

"ஹெட்டு என்னுங்க மாப்பிள்ளை, வண்டியையே எடுத்துக்குங்க!"

"வண்டி கெடக்குதுங்க மச்சான். மொதல்ல வாங்க, சாப்புடலாம்."

சுப்பண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு எதிர் ஹோட்டலுக்குள் நுழைந்தார்கள்.

கமலாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கராஜிடம் வந்தாள்.

"நீங்க நல்லா இருக்கோணும் தம்பி. நான் சொன்னபடியே ரெண்டு ஹெட்டையும் மாத்திப் போட்டுட்டீங்க. அவங்க சாப்புட்டு வர்றதுக்குள்ள சரியா எடுத்து வெச்சுருங்க."

தங்கராஜ் தலையைச் சொறிந்தான்.

"எதைங்க்கா எடுத்து வெக்கறது? ரெண்டு எஞ்சினையும் நான் இன்னும் கழட்டவே இல்லீங்களே!"