வில்ட்கோம்ப் மாளிகைக்கு விஜயம்

"அனைவரும் கவனிக்க! வரும் ஞாயிறன்று நம் குடும்பம் வில்ட்கோம்ப் மாளிகையைச் சுற்றிப் பார்க்கும்!" என்று காலைச் சாப்பாட்டு மேசையில் எட்மண்ட் பிரகடனம் செய்தார்.

"நம்ம வீட்டையே டிக்கெட் வாங்கியா? கையில இந்த ஒட்டு மீசை வேற எதுக்கு?" மனைவி ஹாரியட் சந்தேகமாகப் பார்த்தாள். "அந்த வழிகாட்டி அவ்வளவு அழகோ?"

"அவளுக்கு எழுபது வயசுடி! என்னைப் பத்தி என்ன கதை கட்டறாளோ, கீழே கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் மாடி வரைக்கும் கேக்குது. என் மானம் போகுது."

ஞாயிறன்று, எட்மண்ட் மீசையை அழுத்திப் பிடித்தபடி ஹாரியட்டுடன் கூட்டத்தோடு நின்றார். வழிகாட்டி சுவரிலிருந்த முன்னோர் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அறுநூறு வருட வீரத்தை அளந்துகொண்டிருந்தாள்.

"இப்ப இந்த மாளிகை யாரோடது?" என்றார் ஒருவர்.

"எட்மண்ட் பிரபுவோடது. மாடியிலதான் குடியிருக்கார்."

எட்மண்ட் காதைத் தீட்டிக்கொண்டார்.

"அவரைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்லீங்க. அடுத்தது பழைய கழிப்பறை. அதுக்கு ஒரு நல்ல கதை இருக்கு."